நாற்காலிக்கு எதிரே ஆடியவன்

ஐயா, அல்லது அம்மையீர்,

தங்கள் பொழுதில் சிறிது எனக்கு அளிக்குமாறு வேண்டி இதனைத் தொடங்குகிறேன். மயிலாப்பூரில், டிராம் வண்டி நிற்கும் முனைக்குச் சற்றுத் தள்ளி, நான் விளையாட்டுச் சாமான் கடை ஒன்று வைத்திருந்தேன். பள்ளியில் நான் கற்றது சொற்பம். வியாபாரம் ஓய்ந்த பிற்பகல்களில் கையில் கிடைத்த பத்திரிகைகளையும் நூல்களையும் வாசித்து வாசித்து நானாகச் சேர்த்துக்கொண்டதே என் தமிழ். ஆகவே நடையில் குற்றம் காணின் பொறுத்தருள்க. பொருளில் குற்றம் காண இயலாது. யாவும் என் கண்ணெதிரே நடந்தவை.

யுத்தம் முடிந்தும் அரிசிக்கு ரேஷன் கார்டு நீங்காத காலம் அது. பந்தின் உள்ளே வைக்க நல்ல ரப்பர் பிளாடர் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. அத்தகைய நாளிலும், கல்லூரிகளுக்கிடையே ஆண்டுதோறும் நடைபெற்ற கால்பந்துப் பந்தயங்களுக்கு நான் பந்து கொடுத்து வந்தேன். அந்த ஒரே காரணத்தால், ஆண்டின் தலைசிறந்த ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் எனக்கும் ஓர் இடம் தந்தார்கள். பந்தை இலவசமாகப் பெற்றவர்கள் காட்டிய நன்றி அது. அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை என்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன்.

குழுவில் என்னையன்றி மூவர் இருந்தனர். தலைவர், தியாகராய நகரில் பங்களா கட்டிக்கொண்டு வாழ்ந்த ஓய்வுபெற்ற பெரிய உத்தியோகஸ்தர். இரண்டாமவர் மயிலாப்பூர் வக்கீல் ஒருவர். மூன்றாமவர் ஒரு கல்லூரியின் டிரில் மாஸ்டர். கல்லூரிகள் முறைவைத்து ஆண்டுக்கொரு டிரில் மாஸ்டரைக் குழுவுக்கு அனுப்புவது வழக்கம். அவ்வாண்டு எவருடைய முறை வந்ததோ, அவருடைய கல்லூரியே இறுதிப் பந்தயத்திலும் நின்றது. எங்கள் எவருக்கும் அது தவறாகத் தோன்றவில்லை.

பரிசு என்பது முலாம் பூசிய சிறு பதக்கம்தான். ஆனால் துறைமுகத்துக்கு அருகிலிருந்த வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்று, பதக்கம் பெற்றவனைத் தன் ஆட்டக் குழுவில் சேர்த்துக் குமாஸ்தா வேலையும் கொடுத்து வந்தது. பட்டம் பெற்றவர்களே வேலைக்கு வாசல் வாசலாக நின்ற காலத்தில், அதன் மதிப்பு எத்தகையது என்பதைத் தாங்களே உணர்வீர்கள்.

அந்த வேலை எவனுக்கு உயிர்நிலையாக இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். டிரில் மாஸ்டருடைய கல்லூரியின் காப்டன், நடுவில் நின்று சென்டர்-ஹாஃப் ஆடியவன், இராயப்பேட்டைச் சந்து ஒன்றில் வாழ்ந்த முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. தந்தையார் தோல் பெட்டி தைப்பவர். அவருக்குக் கண்ணில் புரை விழுந்து, ஊசியில் நூல் கோப்பதற்கும் பிறர் தயவை நாடும் நிலை வந்திருந்தது. ஆட்டத்தின் பொருட்டுக் கல்லூரி அவனுக்குப் படிப்புச் சம்பளத்தைத் தள்ளிக் கொடுத்தமையால்தான் அவன் படித்தான். பந்துக்கு வார் கட்டித் தர என் கடைக்கு அடிக்கடி வருவான். அவன் கட்டிய முடிச்சு ஒருநாளும் புடைத்து நின்றதில்லை. பதக்கம் கிடைத்தால் குடும்பம் நிமிரும், கிடைக்காவிடில் படிப்பை விட்டுவிட்டு ஆம்பூர்ப் பக்கம் மாமனின் தோல் கிடங்குக்குப் போக வேண்டியதுதான் என்று அவனே என்னிடம் சொல்லியிருந்தான்.

பந்தயம் நடந்தது அடையாற்றின் கரையோரம் இருந்த ஒரு மைதானத்தில். மேற்குப் பக்கம் வரிசையாகத் தூங்குமூஞ்சி மரங்கள். மாலையில் அவற்றின் நிழல் எல்லைக்கோடு வரை நீளும். அந்நிழலில்தான் பெரியவர்களுக்கு நாற்காலி போடுவார்கள். அதற்குப் பின்னால் ஓட்டுக் கட்டடம் ஒன்றில் இடைவேளைச் சிற்றுண்டி. எதிரே கிழக்குப் பக்கத்தில் நிழல் கிடையாது. முகத்தில் அறையும் வெயில். ஆற்றோரக் குடிசைக்காரர்களும் ரிக்‌ஷா இழுப்பவர்களும் நிற்கும் இடம் அது. பந்து அடிக்கடி ஆற்றுப் பக்கம் ஓடுமாதலால், மாற்றுப் பந்தும் பம்பும் வைத்துக்கொண்டு நானும் அங்கேயே நிற்பேன்.

இதனால் விளைந்த விபரீதத்தை விளக்குகிறேன். வடக்கு நோக்கி ஆடும் குழுவின் லெஃப்ட்-அவுட், அதாவது இடது கோடியில் ஓடுபவன், மேற்கு நாற்காலிகளின் முழங்காலை உரசுவது போல ஓடுவான். இடைவேளைக்குப் பின் திசை மாறும். அவன் எங்கள் கிழக்குப் பக்கம் வந்துவிடுவான். ஆனால் அதைப் பார்க்க நாற்காலியில் ஆள் இராது. இடைவேளையில் சிற்றுண்டிக்கு எழுந்து போகும் தேர்வுக் குழுவினர், வெற்றிலை மென்றுகொண்டு திரும்பும்போது ஆட்டம் முடிகிற தறுவாயில் இருக்கும். முதற்பாதியில் தமக்கு முன்னே எவன் ஓடினானோ, அவனைத்தான் அவர்கள் அறிவார்கள்.

அவ்வாண்டு அவர்கள் முன்னே ஓடியவன், காப்டனுடைய குழுவிலேயே லெஃப்ட்-அவுட் ஆடிய ஒரு செல்வர் வீட்டுப் பிள்ளை. சீமை பூட்ஸ், படிய வாரிய தலை. கெட்டவனென்று சொல்ல மாட்டேன். பந்து வந்தால் ஓடுவான். எதிரி வந்தால் பந்தைக் கொடுத்துவிடுவான்.

இறுதிப் பந்தயம் கோலின்றிச் சமமாக முடிந்தது. மறுபடி ஆட நாள் குறித்துவிட்டு, இடையில் எங்கள் குழு தலைவரின் பங்களாவில் கூடியது. கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் வந்தன. நெய் வழியும் விரல்களை நாற்காலி உறையில் துடைத்தவாறு விவாதத்தைத் தொடங்கினார்கள். அந்த விரல்களை நான் இன்றும் மறக்கவில்லை.

முதலில் எதிர்க் கல்லூரியின் கோல்கீப்பர் பேச்சுக்கு வந்தான்.

"நின்ன எடத்துலயே நின்னுண்டிருந்தான்," என்றார் வக்கீல். "நிக்கறதுக்கு மெடல்னா, கபாலி கோவில் துவாரபாலகருக்குன்னா மொதல்ல குடுக்கணும்!"

தலைவர் சிரித்த சிரிப்பில் கேசரி புரையேறியது.

"அவரு தடுக்காங்காட்டி எத்தினி கோலு போயிருக்கும், ஐயா," என்றேன்.

"போகலையே, ஓய்! நடக்காததுக்கெல்லாம் மார்க் போட முடியுமா?"

கோல்கீப்பரின் கதை அவ்வளவில் முடிந்தது. அடுத்து லெஃப்ட்-அவுட். வக்கீலின் முகம் மலர்ந்தது.

"ஓட்டமா அது! எங்காத்துப் பொம்மனாட்டிகள் கூட, 'யாரு அது, தலை கலையாம ஓடறானே'ன்னு கேட்டுண்டே இருந்தா."

"பந்துக்குத் தலைய குடுத்தாத்தானே ஐயா கலையும்?" என்றேன்.

டிரில் மாஸ்டர் என்னை ஒருமுறை முறைத்துவிட்டுத் தலைவர் பக்கம் திரும்பினார். "நல்ல குடும்பம், ஸார். மேடையில ஏறினா நாலு வார்த்தை இங்கிலீஷ்ல பேசுவான்."

"அதுவும் ஒரு பாயிண்ட்தான்," என்றார் தலைவர். "என்ன பந்துக்கடை, நீர் யாரைச் சொல்றீர்?"

நான் காப்டனைச் சொன்னேன். எதிரியின் ஆட்டம் முழுவதையும் நடுவில் நின்று அறுத்தவன் அவனே என்றும், தன் பக்கத்து ஐந்து முன்வரிசைக்காரர்களுக்கும் பந்து போனது அவன் காலிலிருந்தே என்றும் என்னால் இயன்றவரை எடுத்துரைத்தேன். தலைவர் கண்ணை மூடித் திறந்தார்.

"அவன் எங்கே ஆடினான்? நான் பார்க்கலையே."

"சென்டர்-ஹாஃப்ங்கறவன் கல்யாணத்துப் பரிசாரகன் மாதிரி," என்றார் வக்கீல். "பந்தி நன்னா நடந்தா அவனை யார் கேக்கறா?"

"தவிர, ஸார், அவனுக்கு பூட்ஸ் கிடையாது," என்றார் டிரில் மாஸ்டர், தம் குழுவின் காப்டனைப் பற்றி. "வெறுங்காலோட மேடையில நின்னா போட்டோ எப்படி எடுக்கறது?"

"இடுப்புக்கு மேலே எடுக்கச் சொல்லும்," என்று தலைவர் வேடிக்கை பேச, மூவரும் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்கள். அக்காலத்தில் நம்மவரில் பாதிப் பேருக்குமேல் வெறுங்காலுடன்தான் ஆடினார்கள் என்பதை நான் சொல்லி அவர்கள் அறிய வேண்டியதில்லை. ஆட்டத்தைப் பற்றிப் பேசக் கூடியவர்கள், குலத்தையும் தலைமயிரையும் பாதரட்சையையும் பற்றியே அந்திவரை பேசினார்கள். கந்தலாகிப்போன இலையை நாய்கள் இழுப்பதைப் பார்ப்பது போலிருந்தது எனக்கு.

எனினும் ஒரு யோசனை தோன்றியது. "மறு ஆட்டத்துக்கு ஐயாமார்கள் ஒருதபா கெழக்குப் பக்கம் வந்து பாக்கணும்," என்று கைகூப்பினேன்.

"வெயில்லயா?"

"என் செலவுல பந்தல் போடறேன், ஐயா."

"பந்தல் இருந்தா எங்கே உட்கார்ந்தா என்ன? வரலாமே!" என்றார் தலைவர். டிரில் மாஸ்டரும் முகம் மாறாமல் தலையசைத்தார். பெரிய காரியத்தைச் சாதித்துவிட்ட பெருமிதத்துடன் நான் பாண்டி பஜார் வழியாக நடந்து வீடு திரும்பினேன். அந்தப் பெருமிதத்தை எண்ணினால் இப்பொழுது சிரிப்புக்கூட வரவில்லை.

மறு ஆட்டத்தன்று கிழக்கே பந்தல் எழுந்தது. நாற்காலிகள் வந்தன. அன்று கடற்காற்று பலமாக இருந்தது. தென்கிழக்கிலிருந்து வடக்கு நோக்கி வீசியது. காப்டன் டாஸ் வென்றால் வடக்கு நோக்கி ஆடத் தொடங்குவான் என்பதில் எனக்கு ஐயமில்லை. அப்படியாயின் லெஃப்ட்-அவுட் தொலைவில் மேற்குப் பக்கம் ஓடுவான். பெரியவர்கள் இம்முறை மைதானத்தை முழுவதாகப் பார்ப்பார்கள். இது என் கணக்கு.

எனக்குப் பின்னால் நின்ற ரிக்‌ஷாக்காரர் இருவர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

"இன்னா மச்சி, சேருங்கல்லாம் நம்மாண்ட வந்துகினு கீது?"

"வந்தா இன்னா? அந்த பூட்ஸ்காரனும் கூடவே வருவான் பாரு. அவனுக்கு கோலு அங்க இல்லடா, சேரு எங்க கீதோ அங்கதான் கீது."

"காத்து எதுக்க அடிக்குதே, மாமா? எதுத்தா ஆடுவாங்க?"

"ஆடுவாங்க. மாஸ்டரு சொன்னா ஆத்துக்குள்ளாறயே எறங்கி ஆடுவாங்க. ஒரு பீடி பந்தயம், இன்னா சொல்ற?"

காப்டன் டாஸில் வென்றான். பந்தலை ஒருமுறை பார்த்தான். எல்லைக்கோட்டில் நின்ற டிரில் மாஸ்டரை ஒருமுறை பார்த்தான். பிறகு கையை நீட்டித் தெற்கைக் காட்டினான். வீசும் காற்றுக்கு நேர் எதிரே! தெற்கு நோக்கி ஆடும் குழுவின் இடது கோடி எங்கள் பந்தல் ஓரம் என்பதைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பின்னால் ஒரு பீடி கைமாறியது.

வழக்கமாக மேற்கே நாற்காலி இருக்கும்போது, லெஃப்ட்-அவுட்டை அங்கே நிறுத்தும் திசையும் காற்றுக்கு உகந்த திசையும் ஒன்றாகவே இருந்தன. ஆதலால் எனக்குச் சந்தேகம் எழவில்லை. அன்றுதான், என் பந்தலாலேயே, அது வெளிப்பட்டது. ஊருக்கெல்லாம் தெரிந்தது எனக்குத் தெரியாதிருந்தது.

முதற்பாதி முழுவதும் காற்று எதிர்க் கல்லூரிக்குத் துணை நின்றது. வந்த பந்தெல்லாம் காப்டன் மேலேயே விழுந்தது. மார்பால் நிறுத்தினான், தலையால் திருப்பினான், பூட்ஸ் கால்களுக்கு நடுவே தன் வெறுங்காலை நுழைத்துப் பந்தை வெளியே எடுத்தான். கால் பெருவிரல் நகம் பெயர்ந்து இரத்தம் வழிந்தது. அத்தகைய ஆட்டத்தை அதற்குமுன் நான் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. பந்தலிலோ, லெஃப்ட்-அவுட் அருகில் வந்து வழுக்கி விழும்போதெல்லாம் "அடடா!" என்ற அனுதாபம் எழுந்தது. வக்கீல் தம் கைக்குட்டையை நீட்டக்கூடச் செய்தார்.

சிற்றுண்டிக் கட்டடம் மேற்கே இருந்ததல்லவா? மைதானத்தைச் சுற்றி நடக்க வேண்டுமென்று, இடைவேளைக்கு முன்பே அவர்கள் எழுந்துவிட்டார்கள்.

இரண்டாம் பாதியின் இறுதியில், அவர்கள் இல்லாத பொழுதில்தான் கோல் விழுந்தது. பந்து கோட்டுக்கு வெளியே போயிற்று. லெஃப்ட்-அவுட் கையால் எடுத்து உள்ளே எறிந்தான். காப்டன் அதை வாங்கி, தடுத்தவர்களைத் தாண்டித் தாண்டித் தனியே ஓடி, கோல்கீப்பரின் விரல் நுனிக்கு அப்பால் அடித்தான். ஆற்றங்கரை முழுதும் ஓவென்று கத்தியது. ஆட்டம் அந்த ஒரே கோலில் முடிந்தது. கத்தல் கேட்டு வாயைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார்கள் நம் பெரியவர்கள்.

"முடிஞ்சுடுத்தா? யாரு அடிச்சா?" என்றார் வக்கீல்.

"எங்க லெஃப்ட்-அவுட் குடுத்த பந்துதான், ஸார்," என்றார் டிரில் மாஸ்டர். அது பொய்யுமன்று.

நான் அவர்களிடம் போகுமுன் காப்டனைத் தேடிப் போனேன். ஆற்றோர வரப்பில் அமர்ந்து விரலைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"ஏன் தம்பி, காத்த ஏன் வுட்ட?"

"தெரியாத மாதிரி கேக்குறியே, நைனா! சேர் எங்க கீதோ அங்க அவன் ஆடணும். நான் காப்டன் ஆன நாளா மாஸ்டரு ஆர்டரு இதான்."

"மாட்டேன்னு சொல்லக் கூடாதா?"

"சொன்னா நாளைக்கே சம்பளம் கட்டுன்னுவாங்க. எங்க அத்தா எத்த வித்து கட்டுவாரு?"

"உனக்கோசரம்தான்பா சேர இந்தாண்ட கொண்டாந்தேன்."

அவன் சிரித்தான். "நடுவுல ஆடுறவனுக்கு எந்தாண்ட சேர் போட்டாலும் தூரந்தான், நைனா. நடு மைதானத்துல போட்டாத்தான் உண்டு. போடுறியா?" விரலைத் துணியால் சுற்றியபடி, "அத்தா காலைல தொழுதுட்டு வந்து கேட்டாரு, 'இன்னிக்கு சொல்லிடுவாங்களாடா'ன்னு," என்றான்.

நேரே பந்தலுக்குச் சென்றேன். லெஃப்ட்-அவுட் எறிந்தது கையால் மட்டுமே என்று சொன்னேன்.

"ஆரம்பம் இல்லாம முடிவு ஏது, ஓய்?" என்றார் தலைவர்.

அப்பொழுது நான் யாவற்றையும் கொட்டிவிட்டேன். நாற்காலி இருக்கும் பக்கத்துக்கு ஏற்பவே திசை தேர்ந்தெடுக்கப்படுகிறது, பெரியவர்கள் பார்ப்பதற்காகவே ஆட்டம் வளைக்கப்படுகிறது, இன்று அதற்காகக் காற்றையே விட்டுக் கொடுத்தார்கள் என்றேன். டிரில் மாஸ்டரின் முகம் வெளுத்தது. தலைவர் கோபங்கொள்வார், விசாரணை நடக்கும், பதக்கம் உரியவனைச் சேரும் என்று நம்பினேன்.

தலைவர் என்னை வியப்புடன் பார்த்தார். பின் அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"அப்படியா? நமக்காகவா? பாருங்கோ வக்கீல் ஸார், இந்தக் காலத்திலேயும் பிள்ளைகளுக்கு என்ன மரியாதை! நாம சிரமப்படக் கூடாதுன்னு காத்தைக் கூட விட்டுக் குடுத்திருக்கான்கள்." டிரில் மாஸ்டரின் தோளைத் தட்டினார். "நன்னா வளர்த்திருக்கீர்!"

"பெரியவாள்னா பயபக்தி இருக்கோல்லியோ," என்றார் வக்கீல்.

ஐயா, அவர்கள் கைக்கூலி வாங்கியிருந்தால் எனக்கு இவ்வளவு அருவருப்பு உண்டாகியிருக்காது. வாங்கியவன் உள்ளுக்குள்ளாவது கூசுவான். இவர்கள் தமக்குச் செய்யப்பட்ட மோசத்தைத் தமக்குச் சூட்டப்பட்ட மாலை என்று எண்ணி மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சியிலேயே, மூவரும் ஒருமுகமாக, லெஃப்ட்-அவுட்டுக்குப் பதக்கம் என்று முடிவு செய்தார்கள். என் ஒரு வாக்கு காற்றோடு போயிற்று.

பரிசளிப்பு மயிலாப்பூரில் ஒரு சபா மண்டபத்தில் நடந்தது. லெஃப்ட்-அவுட் மேடையேறி ஆங்கிலத்தில் பேசினான். பெற்றோர்களுக்கு நன்றி, பெரியவர்களுக்கு நன்றி, மாஸ்டருக்கு நன்றி. தன் காப்டனை அவன் குறிப்பிடவில்லை, மறந்திருப்பான். காப்டன் வெறுங்காலுடன் ஏறிக் குழுவின் கோப்பையை வாங்கி, அப்படியே டிரில் மாஸ்டர் கையில் கொடுத்துவிட்டு இறங்கினான். கம்பெனி துரை வேலை விஷயத்தைச் சொன்னபோது, லெஃப்ட்-அவுட்டின் தகப்பனார் எழுந்து, தம் மகன் பாரிஸ்டர் படிக்கச் சீமைக்குப் போகவிருப்பதாகவும், குமாஸ்தா வேலை வேண்டியதில்லை என்றும் கும்பிட்டுச் சொன்னார். சபை கை தட்டியது. அவ்வேலையை அடுத்தவனுக்குக் கொடுக்கலாமே என்று நான் தலைவரின் காதருகே சென்று கேட்டேன். "நம்ம பொறுப்பு மெடலோட சரி, பந்துக்கடை," என்றார். அவர் வாயிலிருந்து ஏலக்காய் மணந்தது.

அதன்பின் ஒருநாள் காப்டன் என் கடைக்கு வந்தான். கையில் ஒரு தோல் பெட்டி. தந்தையார் தடவித் தடவித் தைத்ததாக இருக்க வேண்டும், தையல் கோணிக் கிடந்தது. ஆம்பூர் போவதாகச் சொன்னான். மேசைமேல் இருந்த புதுப் பந்தை எடுத்து இரு கட்டைவிரல்களாலும் அழுத்திப் பார்த்தான்.

"காத்து கம்மியா கீது, நைனா," என்று சொல்லிப் பந்தை வைத்துவிட்டு, டிராம் பிடிக்க நடந்தான். அவன் ஆடி நான் மீண்டும் பார்க்கவில்லை.

மறு ஆண்டு நான் பந்து கொடுக்கவில்லை; குழுவிலும் என்னைக் கூப்பிடவில்லை. வேறொரு கடைக்காரர் பந்து கொடுத்தார். நாற்காலிகள் தூங்குமூஞ்சி மரநிழலுக்கே திரும்பின என்று கேள்விப்பட்டேன்.

அந்தப் பதக்கத்தைப் பெற்றவர் பெயர் எங்கேனும் பலகையில் பொறிக்கப்பட்டிருக்கும். பெற வேண்டியவனைப் பற்றி வேறெங்கும் எழுத்து இல்லை. ஆகையால், ஐயா, அம்மையீர், படித்து முடித்தபின் இந்தக் காகிதங்களைக் கடைக்காரனுக்குப் பொட்டலம் கட்டப் போட்டுவிடாமல், தங்கள் வீட்டில் ஓர் ஓரத்தில் வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.